சிறுத்தைக்கும் கேட்ட ஜெபம்

விசுவாசக் குடும்பத்தார் எல்லோருக்கும் என் அன்பு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குப் போன இடத்தில் எனக்குக் காது திறந்துவிட்டதாகக் கும்மிடிப்பூண்டி முழுக்க ஒரு செய்தி நடமாடுகிறது. திறக்கவில்லை. போகும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனாலும் சாட்சி சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. ஏனென்றால், நியாயப்படி நான் திரும்பி வந்திருக்கவே கூடாது.

போன தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். வெயில் தரையை விட்டு மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்ட சாயங்கால நேரம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக்காட்டில், ஓர் ஓடைக்கரையில், நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். கூட வந்தவர்கள் ஒருவரையும் காணவில்லை. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. தொலைந்துபோனவன் முதலில் செய்கிற காரியம், தான் தொலையவில்லை என்று தனக்கே நிரூபிப்பதுதான். "இதே பாறைதான், இதைத் தாண்டித்தான் வந்தோம்" என்று வழியில் பார்த்த ஒவ்வொரு பாறையிடமும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். எந்தப் பாறையும் மறுக்கவில்லை.

காது கேட்கிறவன் தொலைந்தால் அது பாதித் தொலைதல்தான். யாராவது கூப்பிடுவார்கள், அந்தப் பக்கம் நடக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. அடுத்த புதருக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் எனக்கு அந்தக் காடு ஊமைப்படம்தான். அதை நினைத்ததும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக, இனி வீட்டுக்குப் போகமாட்டேன் என்று நம்பினேன்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஞானமணி. சிப்காட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்தால் மேலேயிருந்து பெரிய சுத்தியல் ஒன்று விழுந்து அடிக்கும். ஹேமர் என்போம். தரை அதிரும், பல் அதிரும். வயது ஏற ஏற என் வலது காது முழுதாகப் போய்விட்டது, இடது காது முக்கால்வாசி. இடதில் ஒரு மிஷின் வைத்திருக்கிறேன். காது போனதில் ஒரு லாபம், வம்பு பேச யாரும் வருவதில்லை. அந்த நேரத்தில் நூலகத்துப் புத்தகங்களைத் தின்று தீர்த்தேன். படித்ததில் எதுவும் காட்டில் உதவவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.

என் ஜெப வாழ்க்கையும் அந்த ஹேமர் பக்கத்தில்தான் வளர்ந்தது. தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள் என்று ஊழியக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கதவு இருந்த ஒரே தனி அறை குளியலறை. அதற்கும் வெளியே எப்போதும் ஆள் நிற்கும். ஆகவே நான் ஷிஃப்டில் ஜெபித்தேன். ஹேமர் ஓடும்போது பக்கத்தில் இடுக்கி பிடித்து நிற்கிறவன் வாய்விட்டுக் கதறினாலும் யாருக்கும் கேட்காது. உதடு அசைவதைப் பார்த்து, பாடுகிறானா, ஜெபிக்கிறானா, சூப்பர்வைசரைத் திட்டுகிறானா என்று கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஷாப்பில், பட்டறையை அப்படித்தான் சொல்வோம், விசுவாசிகள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மனதில் இருப்பதை எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பேசாமல் சோறு தின்போம்.

என் காதுக்காகச் சபை ஜெபிக்காத நாள் இல்லை. வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் பக்திப் பெருக்கில் எண்ணெயை நேராகக் காதிலேயே விட்டார். மிஷின் பழுதாகிவிட்டது. காது பழையபடியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. இத்தனை பேர் கேட்டும் கொடுக்கப்படாத ஆள் என்றால், குறை எங்கே என்று நாலு பேர் யோசிக்கத்தானே செய்வார்கள்?

எனக்கு உண்மையான காது என் மனைவி லில்லி. அங்கன்வாடி டீச்சர். கடையில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில் யார் என்ன சொன்னாலும் என் இடது பக்கம் நின்று திருப்பிச் சொல்லுவாள். ஒரு மணி நேரப் பிரசங்கத்தை மூன்று வரியில் சொல்லிவிடுவாள். பாஸ்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை.

எங்கள் கல்யாணத்தின் வெள்ளிவிழாவுக்கு மகள் பிரின்சி ஒரு பரிசு கொடுத்தாள். அவள் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். பெற்றோரை வெளியே அனுப்புவதென்றால் பிள்ளைகள் மகாபலிபுரம் அனுப்புவார்கள். இவள் காட்டுக்கு அனுப்பினாள். முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு, வழிகாட்டியோடு மூன்று நாள் நடை. புலி இருக்குமா என்று கேட்டேன்.

"புலியெல்லாம் இல்லப்பா. சிறுத்தைதான்" என்றாள், ஆறுதலாக.

லில்லிக்கு ஒரே சந்தோஷம். சமையலறையில் பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறிக்கொள்கிற பெண், சிறுத்தைக்காட்டுக்குப் புது கேன்வாஸ் ஷூ வாங்கினாள். மகள் ஆசையாகச் செய்ததை மறுக்கக் கூடாது என்றாள். நானும் மறுக்கவில்லை. மறுத்தால் அவளுக்குக் காது கேட்காது.

எங்கள் வழிகாட்டி வெங்கடய்யா, எல்லையோரக் கிராமத்துக்காரர். தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் வரும். மலையடிவாரத்தில் எங்களையும், சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சிலரையும் வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். இந்தக் காட்டில் பூனை ஜாதி மூன்று. காட்டுப்பூனை, கையளவே உள்ள ஒரு குட்டிப்பூனை, அப்புறம் சிறுத்தை. முதல் இரண்டும் நம்மைப் பார்த்து ஓடும். மூன்றாவதைப் பார்த்து நாம் ஓடக் கூடாது.

"ஓடக் கூடாது, குந்தக் கூடாது. அது மூஞ்சியப் பாத்துகினே நின்ன எடத்துல நில்லு நைனா. ஓடினா ஆடுன்னு நெனச்சிக்கும்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று லில்லியைக் கேட்டேன்.

"குந்தக் கூடாதாம், ஓடவும் கூடாதாம்."

"நான் ஓடுற ஆளா?"

"அதான் நானும் அவருகிட்ட சொன்னேன்" என்றாள்.

முதல் நாள் நல்லபடி போனது. முதுகில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மாடி ஏறுவது போல இருந்தது என்பதைத் தவிரக் குறையில்லை. இரண்டாம் நாள் வியர்வையில் மிஷின் நனைந்து கீச்சிட ஆரம்பித்தது. லில்லி அதைக் கழற்றித் துடைத்து, டப்பியில் போட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்கு மேல், இனி மிருகம் நடமாடும் இடம், பேச்சே கூடாது, கை ஜாடைதான் என்று வெங்கடய்யா உதட்டில் விரல் வைத்தார். எனக்கு அது சொந்த ஊர் போல இருந்தது. ஷாப்பில் நாங்கள் பேசுவதே ஜாடையில்தான். அந்த வரிசையில் முதல்முறையாக யாரும் என்னைவிடக் காது கேட்கிறவர்களாக இல்லை.

அந்தச் சுகத்தில்தான் கோட்டை விட்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு, அடிக்கடி ஒதுங்க வேண்டிவரும். பாதை குறுகலானதால் லில்லி முன்னால் போய்விட்டாள். நான் கடைசி ஆள். இதற்கெல்லாம் என்ன அறிவிப்பு என்று யாரிடமும் ஜாடை காட்டாமல் புதருக்குப் பின்னால் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு தடங்கள் இருந்தன. அகலமான தடத்தில் போனேன். அது மனிதர் போட்ட தடம் அல்ல, மிருகங்கள் தண்ணீருக்குப் போகிற தடம் என்பது ஓடையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அந்த ஓடைக்கரையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஈர மணலில் என் ஷூ தடத்துக்குப் பக்கத்தில் வேறொரு தடம் இருந்தது. உருண்டையாக, நகம் பதியாமல் இருந்தது; அதற்குள் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கினேன். எதிர்க்கரைப் பாறையின்மேல் அது படுத்திருந்தது. அவ்வளவு நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அழகாக இருந்தது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அந்த நிமிஷத்தில் அப்படியெல்லாம் தோன்றவில்லை. வால் நுனி மட்டும் அசைந்தது. குந்தக் கூடாது என்பது நினைவுக்கு வந்து எழுந்தேன். அதுவும் எழுந்தது. ஓடை அங்கே அகலமே இல்லை. அது தாண்டுவதற்கு ஓடிவரக்கூட வேண்டாம்.

அசையாமல் நின்று, உதட்டுக்குள்ளேயே, மெல்ல ஜெபிக்க ஆரம்பித்தேன். சபையில் சொல்கிற முறைப்படி "சர்வ வல்லமையுள்ள தேவனே" என்று தொடங்கினேன். அதற்கு மேல் அந்தத் தமிழ் வரவில்லை. வீட்டுத் தமிழ்தான் வந்தது.

"ஆண்டவரே, இது நீங்க செஞ்ச பூனை. நீங்களே கூப்ட்டுக்கோங்க. நான் செத்தா பரவால்லன்னு சொல்ல மாட்டேன், பொய் சொன்னா ஒங்களுக்குத் தெரிஞ்சிடும். எனக்குப் பயமா கீது."

சிறுத்தை காதுகளைப் பின்னுக்கு மடக்கியது. அடுக்களையில் கரண்டி விழுந்தால் வீட்டுப் பூனை முகம் சுளிக்குமே, அப்படி ஒரு முகம். நான் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் லில்லியின் நினைப்பு வந்தது. என்னைக் காணவில்லை என்றால் அவள் யார் சொல்லியும் கேட்கமாட்டாள். தேடிக்கொண்டு இந்தத் தடத்தில்தான் இறங்குவாள். அந்த எண்ணம் வந்ததும் என் உயிர்ப் பயம் எங்கேயோ பின்னால் போய்விட்டது.

"லில்லிய இந்தப் பக்கம் விட்றாதீங்க ஆண்டவரே. பல்லிக்கே பயந்தவ, ஆனா எனக்குன்னா வந்துடுவா. அவ கால எங்கயாச்சும் கட்டிப் போடுங்க. இத்தினி வருசமா என் எடது பக்கமே நடக்கிறா. வெயிலோ மழையோ, ரோட்டுல வண்டி வர்ற பக்கமா இருந்தாலும் அங்கதான் நடக்கிறா. அவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. இன்னும் ஒண்ணு. அவ பாட்ட நான் கேட்டு எத்தினியோ வருசமாச்சு. அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை கேக்க வெச்சிடுங்க. அப்பறம் இந்தக் காத முழுசா நீங்களே வெச்சிக்கோங்க."

அன்பானவர்களே, அது திரும்பிப் போய்விட்டது. ஓடவில்லை. நம் கூட்டத்தில் பிரசங்கம் நீளும்போது பின்வரிசைக்காரர்கள் எழுந்து போவார்களே, அந்த மாதிரி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பாறைக்குப் பின்னால் இறங்கி மறைந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் தோளில் ஒரு கை விழுந்தது. சிறுத்தைக்கு விரல் இருக்காது என்ற ஒரே தைரியத்தில் திரும்பினேன். லில்லி. தலைமுடி அவிழ்ந்து, இரண்டு கைகளிலும் முள் கீறி, ஒரு காலில் ஷூ இல்லாமல். வாய் ஓயாமல் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பையைத் துழாவி, டப்பியைத் திறந்து, மிஷினை என் காதில் வைத்தாள். முதலில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அப்புறம் அவள் குரல்.

"என் கால எதுக்குக் கட்டிப் போடச் சொன்னீங்க?"

எனக்குப் புரியவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எனக்கா? இந்த மலைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காது கேட்காதவனுக்குத் தன் குரலும் கேட்காது. உதட்டுக்குள் முணுமுணுத்ததாக நான் நினைத்த ஜெபம், ஹேமர் பக்கத்தில் இத்தனை வருஷம் பழகிய அதே சத்தத்தில் போயிருக்கிறது. அவர்கள் அதற்குள் என்னைக் காணாமல் கூப்பிட்டுப் பார்த்து, நான் நேர்ப்பாதையில் முன்னே போயிருப்பேன் என்று மேலே ஏறிக்கொண்டிருந்தார்களாம். பின்னாலேயே மூச்சிரைக்க இறங்கி வந்த வெங்கடய்யா மிச்சத்தைச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா மலைக்கு அந்தப் பக்கம் எறங்கியிருப்போம் நைனா. பொழுதும் பூடும். சத்தம் கேட்டுச்சி. நான் இன்னாடா மிருகம் இதுன்னு நின்னுட்டேன். அம்மாதான், அது எங்க ஊட்டுக்காரருன்னு சொல்லிகினே குதிச்சி ஓடியாந்துட்டாங்க. புடிக்க முடில."

நான் எதிர்ப்பாறையைக் காட்டினேன். அவர் ஓடையைத் தாண்டிப் போய்க் குனிந்து தடத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். ஓடையைத் தாண்டித் திரும்பி வந்து சொன்னார்.

"ஆளு கொரலுன்னா அதுக்கு ஆவாது. ஆனா இவ்ளோ கொரல அது பொறந்ததுலருந்து கேட்டிருக்காது. இந்தக் காட்லயே இனிமே இருக்குமோ இன்னாவோ."

யோசித்துப் பாருங்கள். கேட்கிற காது எனக்கு இருந்திருந்தால் அன்றைக்கு மெல்லத்தான் ஜெபித்திருப்பேன். மெல்ல ஜெபித்திருந்தால் சிறுத்தை நின்று கேட்டிருக்கும், இவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியிருப்பார்கள். எந்தச் செவியைத் திறக்கச் சொல்லிச் சபையே மன்றாடியதோ, அதைத் திறக்காமல் வைத்திருந்தவர் அதைக்கொண்டே என்னை மீட்டார். இதை எழுதும்போதும் என் கை நின்றுவிடுகிறது.

முகாமுக்கு நடக்கும்போது லில்லி என் இடது பக்கம் ஒட்டியே வந்தாள். எதைப் பற்றிப் பேசாமல் வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"பாட்டு கேக்கவே கேக்காதா?"

மிஷினில் பேச்சு வரும், பாட்டு தகரத்தில் ஆணி கீறுவது போல வரும் என்று சொன்னேன். ஆகவே அவள் ஆராதனையில் பாட எழுந்தால் நான் மெல்ல மிஷினை அணைத்துவிடுவேன். அவளுடைய பாட்டை அந்தக் கீறலாக நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"பின்ன கண்ண மூடிகினு தலைய ஆட்டுவீங்களே?"

"தொறந்தா அழுதுடுவேன். அதான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகாம் வரும்வரை விடவில்லை.

மறுநாள் காலை, டீக்கு வெங்கடய்யா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். லில்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிஷினைக் கழற்றினாள். என் வலது உள்ளங்கையை எடுத்துத் தன் கழுத்தடியில், எலும்புகள் கூடும் இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு பாடினாள்.

ஷாப்பில் அச்சு விரிசல் விட்டால் காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். அப்படிப் பழகிய உடம்பு இது. கீழே இறங்கும்போது கை முழுவதும் அதிர்ந்தது. மேலே ஏறும்போது அதிர்வு மெலிந்து விரல் நுனிக்கு வந்தது. மூச்சு எடுக்கும் இடத்தில் நின்றது. இரண்டாவது அடிக்குப் போவதற்குள் எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் கல்யாணத்தன்று பந்தலில் அவள் பாடிய பாட்டு. அவள் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நான் கேட்டேன். அன்று கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். வெங்கடய்யா அடுப்பை மறந்து நின்றார். டீ பொங்கி வழிந்தது.

இப்போது நான் ஹேமர் பக்கத்தில் நின்று ஜெபிப்பதில்லை. வீட்டிலேயே, லில்லி பக்கத்தில் இருக்க, வாய்விட்டு ஜெபிக்கிறேன். இதனால் கீழ்வீட்டு முனியம்மாவுக்கு எங்கள் குடும்பத்துக் காரியம் ஒன்றும் பாக்கியில்லாமல் தெரியும். போன வாரம் மாடிப்படியில் லில்லியை நிறுத்தி, "இன்னா டீச்சர், பிரின்சிக்கு மாப்ள பாக்கச் சொல்லி அண்ணன் சாமிகிட்ட சொல்லிகினு இருந்தாரே, எதுனா வந்துச்சா? எங்க அக்கா ஊட்டுப் பக்கம் ஒரு நல்ல குடும்பம் கீது, சபைக்குப் போறவங்கதான்" என்று கேட்டாளாம். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

என் வலது காது அப்படியே இருக்கிறது. இடதும் அப்படியே. ஆனால் கொடுக்கப்படாதவன் என்று இனி ஒருநாளும் என்னைச் சொல்லிக்கொள்ளமாட்டேன். நீங்களும் எதையோ வெகுநாளாகக் கேட்டுக் காத்திருக்கலாம். தளராமல் கேளுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்டவருக்குச் சத்தம் போதாது என்பதற்காக அல்ல, ஹேமர் ஓடும்போதும் என்னைக் கேட்டவர் அவர். உங்கள் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அவர் பதிலைப் பலமுறை அவர்கள் கையில்தான் கொடுத்தனுப்புகிறார். எனக்கு வந்த பதில், முள் கீறிய கைகளோடு, ஒரு காலில் ஷூ இல்லாமல், வரவே வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட திசையை நோக்கித்தான் ஓடிவந்தது.